முதல் 20 தனிமங்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

தெம்பனிஸ் அப்பா:
மகன் உயர்நிலை 3 படிக்கிறான். டியூஷனில் முதல் 20 தனிமங்களை அணு நிறையோடு ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓ லெவல் வேதியியல் தாளிலேயே தனிம அட்டவணையை அச்சடித்துத் தருகிறார்களே, அப்புறம் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பாடு?

ஈசூன் டீச்சர்:
பெயரும் வரிசையும் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு வாய்பாடு கேட்டால், மெக்னீசியத்தின் அணு எண் (புரோட்டான்களின் எண்ணிக்கை) 12, எலக்ட்ரான்கள் கூடு வாரியாக 2, 8, 2 என்று சட்டென வர வேண்டும். வெளிக்கூட்டில் இருக்கும் இரண்டை அது விட்டுவிடும். குளோரின் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும், அதனால் இரண்டு குளோரின் தேவை. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

தெம்பனிஸ் அப்பா:
இந்தக் கணக்கில் நிறை எங்கே வந்தது டீச்சர்? 2, 8, 2 கூட மனப்பாடம் வேண்டாமே. மூன்றாவது வரிசை என்றால் மூன்று கூடுகள், இரண்டாம் தொகுதி, அதாவது மேலிருந்து கீழாக வரும் இரண்டாவது பத்தி என்றால் வெளியே இரண்டு எலக்ட்ரான்கள். இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

பிடோக் ஆய்வகம்:
நிறையை ஒப்பிக்க வைத்தால், அட்டவணையே நிறைப்படி அடுக்கியது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். முதல் 20-க்குள்ளேயே அது பொய்த்துப்போகிறது. ஆர்கான் அணு எண் 18, நிறை 39.95. பொட்டாசியம் 19, நிறை 39.10. நிறையை நம்பி அடுக்கினால், தண்ணீர் பட்டாலே தீப்பற்றும் பொட்டாசியம் எதோடும் சேராத வாயுக்களின் நடுவில் போய் நிற்கும்.

1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது புரோட்டான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நிறையை வைத்துத்தான் தொடங்கினார். ஆனால் குணம் ஒத்துவராத இடத்தில் நிறையைத் தள்ளிவைத்தார். கனமான டெல்லூரியத்தை அயோடினுக்கு முன்னால் போட்டார், ஏனென்றால் அயோடின் குளோரின், புரோமினின் கூட்டம். காலியாக விட்ட ஓர் இடத்துக்கு 1875-இல் காலியம் வந்தது. கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவ் கணித்திருந்தது 5.9. சுத்தப்படுத்தி மறுபடி அளந்தபோது 5.9 தான் வந்தது! வரிசைக்கு ஆதாரம் அணு எண் என்பது 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் சோதனைக்குப் பிறகுதான் உறுதியானது.

ஈசூன் டீச்சர்:
நிறைக்காக நான் வாதாடவே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் பேசுகிறது. அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களின் குணமும் மெண்டலீவுக்கு அத்துப்படி. தலையில் ஒன்றும் இல்லாமல் ஒழுங்கு எப்படிக் கண்ணில் படும்?

பிடோக் ஆய்வகம்:
குணம் அத்துப்படி, சரி. அப்படியானால் அதையே சொல்லிக்கொடுங்கள். லித்தியம் தண்ணீரில் மிதந்தபடி மெல்ல நுரைக்கும். சோடியம் உருகி உருண்டையாகி ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரியும். இந்த மூன்றையும் பார்த்த பிள்ளை, ருபிடியம் இன்னும் மூர்க்கமாக இருக்கும் என்று தானே சொல்லிவிடும். பெயரை மட்டும் ஒப்பித்த பிள்ளையால் அது முடியாது.

ஈசூன் டீச்சர்:
பார்த்த பிள்ளைக்கும் ருபிடியம் எந்தத் தொகுதி என்று தெரிந்தால்தானே சொல்ல வரும்? என் வகுப்பில் வெற்று அட்டவணையைக் கொடுத்து 20 பெயர்களையும் எலக்ட்ரான் அமைப்போடு நிரப்பச் சொல்கிறேன். நிறை எழுத வேண்டாம். அதை நான் விடப்போவதில்லை.