நார்த் யார்க் மூர்ஸில் ரோடு சைக்கிள்: முதல் தடவை போகிறவர்களுக்கு எந்த வழி சரி?

சமவெளிக்காரன்:

வணக்கம். இங்கிலாந்தில் யார்க் பக்கம் இருக்கிறேன். இங்கே சுற்றிலும் சமதரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் 70, 80 கிலோமீட்டர் மிதிப்பது பழகிப்போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியில், ஹெதர் என்ற ஊதாப் பூச்செடி பூத்திருக்கும்போதே, மூர்ஸ் மேட்டு நிலத்துப் பக்கம் ஒரு நாள் போய் வரலாம் என்று நானும் நண்பர் ஒருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தை வைத்து நானே ஒரு வழி போட்டேன். ஹெல்ம்ஸ்லியில் கிளம்பி ஃபார்ன்டேலுக்குள் இறங்கி, அங்கிருந்து ரோஸ்டேல், அப்புறம் எக்டன் பிரிட்ஜ், கடைசியில் விட்பி. தூரம் எங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் ஏற்ற இறக்க வரைபடம் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது, அதுதான் யோசனையாக இருக்கிறது. ரோஸ்டேல் சிம்னி பேங்க் என்ற செங்குத்துச் சாலையை ஏறியே தீருவேன் என்று நண்பர் வேறு அடம்பிடிக்கிறார். போனவர்கள் யாராவது சொல்லுங்கள், இது ஒரு நாளில் ஆகிற காரியமா?

பழையசங்கிலி:

ஆகும். ஆனால் ரசித்து ஓட்ட முடியாது. தூரத்தை மறந்துவிட்டு எத்தனை பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டுகிறீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த நிலத்தின் அமைப்பே அப்படி. ஃபார்ன்டேலும் ரோஸ்டேலும் தெற்கு நோக்கி ஓடுகின்றன. வெஸ்டர்டேல், டான்பி டேல், ஃப்ரையப், கிளெய்ஸ்டேல் எல்லாம் வடக்கே எஸ்க் ஆற்றுக்கு இறங்குகின்றன. நடுநடுவே நீளமான மேட்டு முதுகுகள். முதுகின் மேலேயே போகிற சாலையில் ஏற்றம் வருவதே தெரியாது, பேசிக்கொண்டே ஏறிவிடலாம். கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிற சாலைதான் ஆளைக் கொல்லும். நீங்கள் போட்டிருக்கும் வழி முழுக்கவே குறுக்கு வெட்டு. ஃபார்ன்டேலில் இறங்கின உயரத்தை அப்படியே பிளேக்கி பேங்கில் திரும்பக் கொடுக்க வேண்டும். ரோஸ்டேலிலிருந்து எக்டன் பக்கம் போக ஹெய்கேட் பேங்க் வேறு காத்திருக்கிறது.

முதல் தடவைக்கு நான் சொல்வது இதுதான். ஹட்டன்-லெ-ஹோலில் காரை விட்டுவிட்டு வடக்கே பிளேக்கி ரிட்ஜில் ஏறுங்கள். லயன் இன் என்ற விடுதி வரும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள், அதற்குள் கால் அவ்வளவாக அலுத்திருக்காது. இரண்டு பக்கமும் ஊதா நிறம், இடப்பக்கம் ஃபார்ன்டேல், வலப்பக்கம் ரோஸ்டேல், சாலைக்கு வேலி கிடையாது. குடிக்கச் சாப்பிட அந்த விடுதியை விட்டால் வழியில் வேறு ஒன்றும் இல்லை, தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் மேலே போனால் யங் ரால்ஃப் கிராஸ் என்ற கல் சிலுவை. தேசியப் பூங்காவின் சின்னமே அதுதான். அதை ஒட்டி வலப்பக்கம் பிரியும் சாலையில் திரும்பி, வெள்ளை பூசிய 'ஃபேட் பெட்டி' என்ற கல்லைத் தாண்டி ரோஸ்டேல் ஆபிக்கு இறங்கலாம். அங்கே வந்ததும் முடிவு உங்கள் கையில். கால் ஒத்துழைத்தால் சிம்னி பேங்க் ஏறி ஹட்டனுக்குத் திரும்புங்கள். இல்லையென்றால் ஹார்டாஃப்ட் எண்ட் வழியாகத் தெற்கே வந்து, லாஸ்டிங்கமைத் தொட்டுக்கொண்டு வரலாம். அதுவும் மேடு பள்ளம்தான், ஆனால் யாரையும் அழவைக்காது. லாஸ்டிங்கம் தேவாலயத்தின் அடியில் 1078-இல் கட்டிய நிலவறை ஒன்று இருக்கிறது, வெயில் நாளில் உள்ளே போனால் வெளியே வர மனசு வராது.

சிம்னி பேங்க் சுற்றில் சுமார் 30 கிலோமீட்டர்தான். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். தோன்றட்டும்.

மழைக்கோட்டு:

பழையசங்கிலி சொன்ன வழி நல்ல வழி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், அந்தச் சுற்றை எதிர்ப்பக்கமாக ஓட்ட வேண்டாம். சிம்னி பேங்க் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். மூன்றுக்கு ஒன்று சரிவு, செங்குத்தான இடத்திலேயே கொண்டை ஊசி வளைவு, தரை ஈரமாக இருந்தால் பிரேக்கை அழுத்த அழுத்தப் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால் அந்தப் பக்கம் இறங்குவதையே மறந்துவிடுங்கள்.

செம்மறி ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். பெரிய ஆடு தனியாக நின்றால் பெரும்பாலும் உங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் என்றால் கட்டாயம் ஒன்று குறுக்கே ஓடும், அதுவும் நீங்கள் கிட்ட வந்த பிறகுதான் ஓடும். முதலிலேயே வேகத்தைக் குறையுங்கள். கேட்டில் கிரிட் (ஆடு மாடு தாண்டாதபடி சாலையில் பதித்த கம்பிச் சட்டம்) வந்தால் கம்பிகளுக்கு நேர் குறுக்காக, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல், இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பிக் கடந்துவிட வேண்டும். மழை நாளில் அந்தக் கம்பியில் சாய்ந்தால் விழுவது நிச்சயம்.

காற்றுச்சட்டை ஒன்று கட்டாயம். கீழே வெயில் வடிவாக அடிக்கும், மேலே இரண்டு மூன்று டிகிரி குறையும், அதோடு மறைப்பே இல்லாத காற்று. கிழக்குக் காற்று வீசுகிற நாளில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். ஆகஸ்டு ஆனாலும் பின் விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.

அரைத்தூக்கம்:

இவ்வளவு யோசிப்பதற்கு யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் பட்டர்டப்ஸ் கணவாய்க்குப் போகலாமே? 2014-இல் டூர் டி பிரான்ஸ் முதல் கட்டமே அந்த வழியாகத்தான் போனது. ஹாஸில் ஆரம்பித்து ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், குழப்பமே இல்லை.

பழையசங்கிலி:

நல்ல இடம்தான். ஆனால் அவர் கேட்பது ஹெதர். பட்டர்டப்ஸ் பெரும்பாலும் புல்லும் சுண்ணாம்புக் கல்லும்.

சமவெளிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. குறுக்கு வெட்டு விஷயம் யோசிக்கவே இல்லை, விட்பி இப்போதைக்கு வேண்டாம். இன்னொரு கேள்வி. என் சைக்கிளில் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். யார்க் பக்கம் 34-ஐத் தொட்டதே கிடையாது. இது போதுமா?

கியர்மணி:

ரிட்ஜுக்குத் தாராளமாகப் போதும். சிம்னி பேங்குக்குப் போதாது. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். முன்னால் 34, பின்னால் 28 பல்லில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 20 சதவீதச் சரிவில் அந்த வேகத்துக்கு 400 வாட்டுக்கு மேல் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒன்றிரண்டு நிமிடத் தாக்குப்பிடிப்பு. சிம்னி பேங்க் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, நடுவில் 33 சதவீதம் வேறு. சுற்றைக் குறைத்து மிதித்தால் வாட் குறையும், ஆனால் முழங்கால் பேசும்.

11-34 கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) மாற்றினால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஏழரை கிலோமீட்டர், 20 சதவீதத்தில் 350 வாட் அளவில் நிற்கும். சும்மா இல்லை, ஆனால் பெரிய வித்தியாசம். உங்கள் பின் டிரெய்லியர் (சங்கிலியைப் பல் மாற்றும் கருவி) 34 பல் வரை தாங்குமா என்று முதலில் பாருங்கள், கூண்டு குட்டையாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சங்கிலி நீளமும் பெரும்பாலும் போதாது. டயர் 28 மில்லிமீட்டர் போடுங்கள்.

ஏறும்போது ஒரு விஷயம். உட்கார்ந்தே மிதித்தால் முன் சக்கரம் தூக்கும், முழுக்க எழுந்து நின்றால் ஈரத்தில் பின் சக்கரம் சுழலும். இருக்கையின் மூக்கில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்திக்கொள்வதுதான் வழி. வளைவின் உள்பக்கம் இன்னும் செங்குத்து. எதிரே வண்டி வராவிட்டால் அகலமாக எடுங்கள்.

நண்பர் இறங்கித் தள்ளினால் சிரிக்காதீர்கள், பெடலில் மாட்டும் க்ளீட் வைத்த செருப்போடு அந்தச் சரிவில் தள்ளுவது இன்னும் கஷ்டம்.

மழைக்கோட்டு:

நண்பர் சிம்னி பேங்கை விடவே மாட்டார் என்றால், ரோஸ்டேல் ஆபியிலேயே ஆரம்பிக்கலாம். புதுக் காலோடு முதலில் அதை ஏறி, ஹட்டனுக்கு இறங்கி, அப்புறம் ரிட்ஜ். ஆனால் பள்ளத்தாக்கிலேயே கொஞ்ச நேரம் போய் வந்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

சமவெளிக்காரன்:

அவருக்கு அதுதான் பிடிக்கும். ஆர்டினன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடத்தில் சாலை மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கின்றனவே, சரிவைக் காட்டத்தானே?

பழையசங்கிலி:

ஆமாம். ஒற்றை அம்பு 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்பு அதற்கும் மேல், அம்பின் முனை இறங்கும் பக்கம் பார்க்கும். அவர்களுடைய லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 94-ஐயும் 100-ஐயும் எடுத்துக்கொண்டால் நீங்கள் போகிற பகுதி அடங்கிவிடும். காகிதத்திலேயே வாங்குங்கள், பள்ளத்தாக்குக்குள் போனில் சிக்னல் நிற்காது. முடிந்தால் வார நாளில் போங்கள், சனி ஞாயிறில் பிளேக்கி ரிட்ஜ் முழுக்க மோட்டார் சைக்கிள்காரர்கள்.