அப்பாவின் ரிவால்வரை என் பெயருக்கு மாற்றி, பயணத்தில் எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறதா?

கேள்வி: குடியாத்தம் நகைக்கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் நகைக்கடையும் அதனுடன் அடகுக்கடையும் நடத்தி வருகிறோம். என் தந்தையார் பெயரில் பாயின்ட் 32 ரிவால்வர் ஒன்றுக்கு 1996 முதல் உரிமம் இருக்கிறது. இன்றுவரை தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். இப்போது அவருக்கு 72 வயது. பார்வை மங்கிவிட்டது, கையிலும் நடுக்கம் இருக்கிறது. கடைப் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்துவிட்டதால், பழைய தங்கத்தைக் கொடுத்துப் புதுச் சரக்கு எடுக்க அடிக்கடி வேலூருக்கும், சில நேரங்களில் பரதராமி வழியாகச் சித்தூருக்கும் நான்தான் காரில் சென்று வருகிறேன்.

தந்தையார் உயிருடன் இருக்கும்போதே அந்த ரிவால்வரை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டா? அதுவரை, அவருடைய உரிமப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை எடுத்துச் செல்லலாமா? உரிமம் கிடைத்த பின்னர், வெளியே கொண்டு செல்லத் தனியாக வேறு அனுமதி வாங்க வேண்டுமா? கடைத்தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. எடுத்துச் செல்லக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி உரிமம் என்பது ஆளுக்குரியது. வீட்டுக்கோ கடைக்கோ உரியதன்று. உரிமம் பெற்றவருக்காக, அவர் உடனிருக்கும்போதோ அவருடைய எழுத்துமூலமான அதிகாரத்துடனோ, பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது அவருடைய பயன்பாட்டுக்காக இன்னொருவர் ஆயுதத்தைக் கொண்டு செல்ல அந்தப் பிரிவே இடம் தருகிறது. தந்தையார் வீட்டில் இருக்க, உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் அதைக் காரில் வைத்துக்கொள்வது இந்த விலக்குக்குள் வராது. அப்படிப் பிடிபட்டால் 25ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை. அதோடு தந்தையாரின் உரிமமும் ரத்தாகும் நிலை ஏற்படலாம்.

மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ, ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் தம் சட்டப்பூர்வ வாரிசுகளுள் ஒருவரைக் குறிப்பிட்டு, அவர் பெயரில் உரிமம் வழங்குமாறு கேட்கலாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கூறுகின்றன. உங்கள் தந்தையாருக்கு இரண்டு தகுதியுமே இருக்கின்றன. உடன்பிறந்தோர் இருந்தால் அவர்களிடம் ஆட்சேபணையின்மைக் கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள். இத்தகைய கோப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு தாளுக்காகத்தான் தூங்குகின்றன. ஆனால் வாரிசு என்பதாலேயே உரிமம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு உள்ள சோதனைகள் அனைத்தும் உங்களுக்கும் உண்டு.

வேலூர் மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள ஊர்களில் அந்த அதிகாரம் ஆணையரிடம் இருக்கும். இங்கே ஆணையரகம் இல்லை. விண்ணப்பத்துடன் அடையாள, முகவரிச் சான்றுகள், உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவை தேவை. உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை அனுப்பும். வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவருக்கு விடுதலைக்குப் பின் 5 ஆண்டுகள் வரை உரிமம் கிடையாது. 21 வயது நிரம்பாதவருக்கும் இல்லை.

நீண்ட குழல் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் சட்டத்தின் அளவுகோல் வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தற்காப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கியை ஒருவர் கேட்டால், மறுப்பதற்கு வேறு காரணம் இல்லாதபோது உரிமம் வழங்க வேண்டும் என்பதே 13ஆம் பிரிவின் அமைப்பு. கைத்துப்பாக்கி கேட்பவரோ தமக்கு அது ஏன் வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். "நகை வியாபாரம் செய்கிறேன்" என்ற ஒற்றை வரி போதாது. வருமான வரிக் கணக்கு, சரக்குக் காப்பீடு, முன்பு வழிப்பறி முயற்சி நடந்திருந்தால் அதன் புகார் ரசீது, பயண வழி என்று எழுத்தில் காட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சொத்து போதாது என்பதை மட்டுமே காரணமாக்கி மறுக்க முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. அந்த வரி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

மூன்றாவது கேள்விக்கு: நம் நாட்டில் வைத்திருக்க ஓர் உரிமம், ஏந்திச் செல்ல இன்னோர் உரிமம் என்ற பிரிவு இல்லை. ஒரே உரிமம்தான், ஆனால் அதில் எழுதப்பட்ட எல்லைப் பரப்பு மிக முக்கியம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்று எழுதியிருந்தால், பரதராமியைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்த நொடியில் நீங்கள் உரிமம் இல்லாதவர். சித்தூர்ப் பயணம் உண்மையிலேயே தேவை என்றால், எல்லையை விரிவாக்கித் தருமாறு விண்ணப்பத்திலேயே காரணத்துடன் கேளுங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் இட்டு, முழுவதும் மறைத்து, உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக் கூடாது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று கடையிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாலே நிபந்தனை மீறல்தான். திருமணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால், 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற சுபேதார், கம்மவான்பேட்டை

வக்கீல் ஐயா சொன்னதற்கு மேல் சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை. நடைமுறையைச் சொல்கிறேன் தம்பி. படையிலிருந்து வந்த பின், '12 போர்' எனும் குழல் அளவு கொண்ட இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் வங்கி ஒன்றில் காவலராக இருந்தவன் நான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருப்பதால், உரிமம் பற்றிய பேச்சு திண்ணைக்குத் திண்ணை நடக்கும்.

அப்பாவின் உரிமம் பழையது என்பதால், தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றிய தனி அடையாள எண் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத உரிமம் செல்லாது. அடுத்து, துப்பாக்கியின் உடலில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண்ணெய்யும் துருவும் படிந்து 3 என்பது 8 போலத் தெரியும்; நிலையத்தில் எழுத்தர் அப்படியே எழுதிவிட்டால், அதைத் திருத்த நடையாய் நடக்க வேண்டியிருக்கும். பார்ப்பதற்கு முன் அப்பாவையே சிலிண்டரைத் திறந்து அறைகள் அனைத்தும் காலியாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். தோட்டாக்களைத் தனிப் பெட்டியில், தனிப் பூட்டில் வையுங்கள்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று ஒவ்வொரு முறையும் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கி, எல்லாம் முடிந்த பின் திரும்ப வாங்க வேண்டும். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் சுடும் வீரர்கள் போன்றோர் விலக்குக் கேட்கலாம். வியாபாரிக்கு அது கிடைப்பது கடினம். வேடிக்கை என்னவென்றால், பறக்கும் படைக்கு அஞ்சி நீங்கள் ரசீதுகளோடு பணத்தை எடுத்துச் செல்லும் அதே வாரங்களில்தான் துப்பாக்கி உங்களிடம் இருக்காது.

என் கருத்தைக் கேட்டால், கார் ஓட்டுபவரின் இடுப்பில் உள்ள ரிவால்வரால் பயன் குறைவு. இருவர் பைக்கில் வந்து கண்ணாடியை உடைக்கும்போது உங்கள் இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கும், சீட் பெல்ட் உறையின் மேல் கிடக்கும். உரிமம் பெற்ற காவலரை உடன் அழைத்துச் செல்வதும், புறப்படும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருப்பதும் அதைவிட மேல்.

பதில் 3: காட்பாடிக்காரர், தற்போது டல்லாஸ்

அமெரிக்காவில் இதெல்லாம் கேட்பதில்லையே என்று ஊரில் உறவினர்கள் என்னிடம் சொல்வதால் இதை எழுதுகிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத்தால் தடை செய்யப்படாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை ஏந்திச் செல்லலாம் என்பது உண்மை. அப்போதும் பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி போன்ற இடங்களுக்குத் தடை உண்டு. நியூயார்க்கிலோ நிலைமை வேறு. சிறப்பான காரணத்தை நிரூபித்தால்தான் ஏந்திச் செல்ல அனுமதி என்ற அம்மாநிலத்தின் பழைய விதியை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் செல்லாததாக்கியது; அடுத்த சில நாட்களிலேயே அம்மாநிலம் பயிற்சியைக் கட்டாயமாக்கி, டைம்ஸ் சதுக்கம் உட்படப் பல இடங்களைத் தடை செய்து புதுச் சட்டம் இயற்றியது. எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டமே பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இது தெரியாமல் நண்பர்களுடன் கடைக்குச் செல்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்குகிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட அடிப்படை உரிமை எதுவும் இல்லை என்பதை நம் உச்ச நீதிமன்றமும் 2023இல், உத்தரப் பிரதேசத்தின் உரிமமற்ற ஆயுதங்கள் குறித்த விசாரணையில், சுட்டிக்காட்டியது.

கேள்வியாளர் மீண்டும்

மூவருக்கும் மிக்க நன்றி. புத்தகத்தைப் பார்த்தேன், தனி அடையாள எண் இருக்கிறது, அடுத்த ஆண்டு காலாவதியாகிறது. ஓர் ஐயம் மட்டும் மிச்சம். நாளை உரிமம் என் பெயரில் கிடைத்து, கடைக்குள் கொள்ளையர் புகுந்தால், சுட எனக்கு உரிமை உண்டா?

பதில்: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

தற்காப்புரிமை துப்பாக்கி உரிமத்திலிருந்து வருவதன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகளிலிருந்து வருகிறது. கொள்ளையைத் தடுக்கும்போது அந்த உரிமை உயிர்ச்சேதம் வரையும் நீளக்கூடும், ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது. பையை எறிந்துவிட்டு ஓடுபவனின் முதுகில் சுட்டால், வழக்கில் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

காலாவதி அடுத்த ஆண்டு என்றால் காத்திருக்க வேண்டாம். கைநடுக்கமும் பார்வைக் குறைவும் மருத்துவச் சான்றில் ஏறிவிட்டால் தந்தையாரின் புதுப்பிப்பே சிக்கலாகும். அவருடைய உரிமம் உயிருடன் இருக்கும்போதே, உங்கள் பெயரைக் குறிப்பிடும் அவருடைய கடிதமும் உங்கள் விண்ணப்பமும் ஆட்சியர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கட்டும். இடையில் காலாவதியானால் ரிவால்வரை வீட்டில் வைத்திராமல், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.