25 இலக்கச் சங்கேதம்: நான்கு, மூன்றாகப் பிரித்தும் பொருள் வரவில்லை. வழி சொல்லுங்கள்

உப்புவெளி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் இயங்கும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்துக்கு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஒரு சங்கேதப் புதிரை எழுதித் தந்திருக்கிறார். உப்புவெளி, சாம்பல்தீவு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கனடா என்று பல இடங்களில் இருப்பவர்கள் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து அதை அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். முதற்படி முடிந்துவிட்டது. இரண்டாம் படியில் நிற்கிறோம்.

முதற்படியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளின் தலைப்பில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த, பொருளற்ற நான்கு சொற்கள் இருந்தன. நான்கு சொற்களிலும் அரைப்புள்ளி ஒவ்வொரு முறை வந்தது; அது வந்த இடமெல்லாம் டீ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னாலேயே வந்தது. எங்கள் குழுவில் அச்சகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருவர் அதைப் பார்த்தவுடனேயே அது பாமினி எழுத்துரு என்று கண்டுகொண்டார். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் மேற்புள்ளி. அம்மா என்று தட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழும். அதே எழுத்துகளைப் பாமினிக்கு மாற்றியபோது 'முன்னது நான்கு, பின்னது மூன்று' என்ற குறிப்புக் கிடைத்தது.

அதன் கீழே இருப்பது இந்த எண்வரிசை மட்டுமே:

0758103915001020355603557

குறிப்பின்படி முதலில் நான்கு இலக்கம், அடுத்து மூன்று இலக்கம் என்று மாறி மாறிப் பிரித்தோம். 0758, 103, 9150, 010, 2035, 560, 3557 என்று ஓர் இலக்கமும் மிஞ்சாமல் சரியாக முடிகிறது. ஆகவே பிரிப்பு இதுதான் என்பதில் குழுவில் எல்லோரும் உறுதியாக இருக்கிறோம். ஆனால் பொருள் வரவில்லை. தமிழ் எழுத்துகள் 247க்கும் வரிசை எண் கொடுத்துப் பார்த்தோம். 758, 560 போன்ற எண்களுக்கு எழுத்தே இல்லை. வரைபட ஆள்கூறாக எடுத்தால், 7.58 பாகை வடக்கு மட்டக்களப்புக்கும் தெற்கே போய்விடுகிறது. திருகோணமலை 8 பாகைக்கு மேலே இருக்கிறது. விடை எங்கள் ஊரோடு தொடர்புடையது என்று மட்டும் ஆசிரியர் சொன்னார். அடுத்து என்ன செய்யலாம்?

கின்னியா கணக்கு எழுதியது:

வணக்கம். மிச்சமில்லாமல் பிரிகிறது என்பதற்கு நீங்கள் கொடுக்கும் நம்பிக்கை, அது தாங்கக்கூடியதைவிடப் பெரியது. நான்கு, மூன்று என்று மாறி மாறிப் பிரித்தால், நீளத்தை ஏழால் வகுத்து மீதி 0 அல்லது 4 வரும் எந்த வரிசையும் மிச்சமின்றி முடியும். அதாவது ஏழு நீளங்களில் இரண்டு நீளங்கள் தற்செயலாகவே இதற்குப் பொருந்திவிடும். 25 அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான். ஒரு பிரிப்புச் சரியானது என்றால், பிரித்த துண்டுகளுக்குள் ஏதாவது ஒழுங்கு தெரிய வேண்டும். உங்கள் ஏழு துண்டுகளையும் பாருங்கள்: 9150க்கும் 010க்கும் இடையே உறவில்லை, சுழியங்கள் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சிதறிக் கிடக்கின்றன.

25 என்பது ஐந்தின் வர்க்கமாக இருப்பதால், ஐந்து வரியாக எழுதிப் பார்த்தேன். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

0 7 5 8 1
0 3 9 1 5
0 0 1 0 2
0 3 5 5 6
0 3 5 5 7

முழு வரிசையிலும் சுழியம் ஏழு முறை வருகிறது. அவற்றுள் ஐந்து, முதல் நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். கடைசி நிரலில் 1, 5, 2, 6, 7 என்று இருக்கிறது. அங்கே 0 இல்லை, 8 இல்லை, 9 இல்லை. இறுதி இரண்டு வரிகளின் முதல் நான்கு இலக்கங்களும் ஒன்றே. கடைசி இலக்கம் மட்டும் 6, 7 என்று அடுத்தடுத்து ஓடுகிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் ஒரு முகவரி என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் நான்கு இலக்கம் ஒரு நூலில் உள்ள உருப்படியின் எண்; அது ஆயிரத்துக்குக் குறைவாக இருக்கும்போது முன்னால் சுழியம் வைத்து நான்கு இலக்கமாக நிரப்பியிருக்கிறார். ஐந்தாம் இலக்கம் அந்த உருப்படிக்குள் எத்தனையாவது சொல் என்பது. ஒரே உருப்படியில் ஆறாவது சொல்லையும் ஏழாவது சொல்லையும் தொடர்ந்து எடுத்திருப்பதுதான் கடைசி இரண்டு வரிகள். நான்கு இலக்கம் ஒதுக்கியிருப்பதால், அந்த நூலில் ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட உருப்படிகள் இருக்க வேண்டும். இதுவரையில்தான் கணக்கு கொண்டுவந்து விடும். எந்த நூல் என்பதை நூலறிந்தவர் சொல்ல வேண்டும்.

ஒரு செய்தி, நம் ஊரவர்க்கு நெருக்கமானது என்பதால் சொல்கிறேன். 1942 மார்ச்சில், சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு இடம் மாறி வந்திருந்த பிரித்தானியச் சங்கேத முறிப்பாளர்கள், யப்பானியக் கடற்படை ஓர் இடத்தைத் தாக்கப்போகிறது என்பதைச் செய்திகளிலிருந்து அறிந்துகொண்டார்கள். இடத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு குறி மட்டுமே இருந்தது. பின்னர் யப்பானியர் தரப்பிலேயே ஒரு செய்தியில் அந்தப் பெயரை அசையசையாக, கோ-ரோ-ன்-போ என்று எழுதிவிட, அது கொழும்பு என்பது உறுதியாயிற்று. ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் நம் துறைமுகமும் தாக்கப்பட்டன. சங்கேதம் எழுதியவர் தம் வழக்கத்தால் விட்டுச்செல்லும் தடயமே முறிப்பவனுக்கு முதல் பிடி. உங்கள் ஆசிரியர் சுழியம் நிரப்பி எழுதும் கணக்காசிரியர் வழக்கத்தை விட்டுச்சென்றிருக்கிறார்.

மூதூர்த் தமிழாசிரியன் எழுதியது:

கின்னியா நண்பரின் கட்டத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முன்னது நான்கு, பின்னது மூன்று என்பது இலக்கங்களைப் பிரிக்கும் வழியன்று. நூலைக் காட்டும் குறிப்பு. முதலடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீரும் கொண்டது குறள் வெண்பா. நான்கும் மூன்றும் ஏழு. ஐந்தாம் இலக்கம் ஏழைத் தாண்டாததன் காரணம் அதுவே. குறள்கள் 1330; ஆகவேதான் நான்கு இலக்கம்.

இனி எடுத்துப் பார்ப்போம். 758ஆம் குறள் 'குன்றேறி யானைப்போர் கண்டற்றால்' என்று தொடங்குவது. அதன் முதற்சீர் குன்றேறி. 391ஆம் குறளை நம் பிள்ளைகள் எல்லோரும் மனனம் செய்திருப்பார்கள்: 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக'. ஐந்தாம் சீர் நிற்க. 10ஆம் குறள் 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்பது. இரண்டாம் சீர் பெருங்கடல். 355ஆம் குறளின் இறுதி 'மெய்ப்பொருள் காண்ப தறிவு'. ஆறும் ஏழும் காண்ப, தறிவு.

சேர்த்துப் படித்தால்: குன்றேறி நிற்க, பெருங்கடல் காண்பது அறிவு.

இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. திருகோணமலையில் குன்றேறி நின்று பெருங்கடல் காணும் இடம் கோணேசர் கோயில் மலையன்றி வேறெது?

இரண்டு குறிப்புகள் மட்டும். சீர்களின் முதலெழுத்தை எடுத்துக் கோத்துப் பார்க்கலாமே என்று யாராவது முயன்றிருந்தால், அந்த வழி தமிழில் அதிக தூரம் போகாது என்பதை நினைவில் வையுங்கள். ட, ண, ற, ன, ள, ழ போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. அவை இல்லாமல் கடற்கரை என்றோ கோட்டை என்றோ எழுதிவிட முடியாது. ஆகவே தமிழில் நூல்வழிச் சங்கேதம் அமைப்பவர் முழுச்சொல்லையே எடுப்பது இயல்பு.

அடுத்தது, சரிபார்க்கும்போது பதிப்பைக் கவனியுங்கள். இன்று நாம் வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைப் பின்பற்றியவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடும். அந்தப் பதிப்பை வைத்துத் தேடினால் வேறு சொல் வந்து நின்று உங்களைத் திசைதிருப்பும். சந்தி பிரித்த பதிப்பில் 'காண்பது அறிவு' என்றும், சீர் பிரித்த பதிப்பில் 'காண்ப தறிவு' என்றும் இருக்கும். இரண்டிலும் எண்ணிக்கை ஏழுதான்.

சாம்பல்தீவுச் சங்கு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நானும் அந்தக் குழுவில் இருப்பவன். ஒரு சந்தேகம். 29ஆம் குறளிலும் 'குணமென்னும் குன்றேறி நின்றார்' என்று அதே சொல் வருகிறது. 423ஆம் குறளின் இரண்டாம் அடியும் 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்பதே. ஒரே சொல் இரண்டு இடத்தில் இருக்க, ஆசிரியர் 758ஐயும் 355ஐயும் தெரிந்தெடுத்ததில் இன்னொரு மறைபொருள் இருக்குமா? குழுவில் சிலர் அந்த எண்களைக் கூட்டியும் பெருக்கியும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூதூர்த் தமிழாசிரியன் எழுதியது:

தம்பி, அந்த வழியில் இப்போது இறங்க வேண்டாம். ஐந்து சொல்லும் இலக்கணப் பிழையின்றி ஒரு வாக்கியமாக அமைந்து, அந்த வாக்கியம் உங்கள் ஊரையே சுட்டுகிறது. இதைவிட உறுதியான சான்றை ஒரு புதிர் தராது. 29, 423 என்று எழுதியிருந்தாலும் அதே வாக்கியம்தான் வந்திருக்கும். ஆசிரியரின் கைக்கு எது முதலில் அகப்பட்டதோ அதை எடுத்திருப்பார். அவரிடமிருந்து வேறு குறிப்பு வந்தாலன்றி எண்களைக் கிளற வேண்டியதில்லை.

தம்பலகாமத்தான் எழுதியது:

விடை கிடைத்துவிட்டது, மகிழ்ச்சி. எனினும் குழுவாக வேலை செய்யும் முறை பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது முதல் தாள் மட்டுமே என்று தெரிகிறது.

அமெரிக்காவில் சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் 1969இல் பத்திரிகைக்கு அனுப்பிய 340 குறிகள் கொண்ட சங்கேதம், 51 ஆண்டுகள் அவிழாமல் இருந்து 2020 டிசம்பரில் அவிழ்ந்தது. அமெரிக்காவில் டேவிட் ஒரன்சாக், அவுஸ்திரேலியாவில் சாம் பிளேக், பெல்ஜியத்தில் யார்ல் வான் ஐக்க என்ற மூவர் இணையம் வழியாகச் சேர்ந்து அதைச் செய்தார்கள். குறிகளை எந்த ஒழுங்கில் படிப்பது என்பதே அங்கும் சிக்கல். பிளேக் சுமார் 6,50,000 வாசிப்பு ஒழுங்குகளை உருவாக்கிக் கொடுக்க, வான் ஐக்க எழுதிய மென்பொருளில் அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். அவற்றுள் ஒன்றில் ஓரிரு சொற்றொடர்கள் மட்டும் பொருளோடு தலைகாட்டின, மற்றவை குப்பை. அந்தச் சிறு தடயத்தைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டதால்தான், குறிகள் மூலைவிட்டமாகச் சாய்த்து எழுதப்பட்டிருப்பதும் செய்தி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் பின்னர் தெளிவாயின.

உங்கள் வட்ஸ்அப் குழுவில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஒருவர் இரவில் முயன்று கைவிட்டதை இன்னொருவர் காலையில் மறுபடி தொடங்குவார். முந்தைய செய்தி நூறு வாழ்த்துப் படங்களுக்குக் கீழே புதைந்திருக்கும். கூகுள் சீட் ஒன்றைத் திறந்து, பிரித்த முறை, எடுத்த நூல் அல்லது அட்டவணை, கிடைத்த விளைவு, கைவிட்ட காரணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைவிட்ட காரணத்தை எழுதுவது மிக முக்கியம். நான்கு, மூன்று என்ற பிரிப்பை எல்லோரும் ஏற்றது அது மிச்சமின்றி முடிந்ததால் மட்டுமே என்று எழுத்தில் இருந்திருந்தால், யாராவது ஒருவர் அந்தக் காரணம் போதுமா என்று கேட்டிருப்பார். அதோடு, ஒருவராவது குழுவின் முடிவைக் கேட்காமல் தனியாகத் தாளைப் பார்க்க வேண்டும். இங்கே கின்னியா நண்பர் செய்தது அதைத்தான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது. உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. கோட்டை வாயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு நம் ஊரின் அரிய சொத்து. புதிரின் அடுத்த குறிப்பு எங்கேயோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கல்லைச் சுரண்டுவதோ சுண்ணக்கட்டி பூசி எழுத்தைப் படிக்க முயல்வதோ கூடாது. ஆசிரியரிடம் தொலைபேசியில் வாக்கியத்தைச் சொல்லி உறுதிப்படுத்திய பின் புறப்படுங்கள்.

உப்புவெளி வாசகன் எழுதியது:

கின்னியா நண்பருக்கும் மூதூர் ஐயாவுக்கும் தம்பலகாமத்து அண்ணாவுக்கும் எங்கள் வட்டத்தின் நன்றி. ஆசிரியரிடம் வாக்கியத்தைச் சொன்னோம், சரியென்று ஏற்றுக்கொண்டார். மலையில் எதையும் தேட வேண்டியதில்லை, எல்லோரும் கூடி வாருங்கள் என்றார். நேற்றுக் காலை இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில், கீழே கடலை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களிடம் இரண்டாவது தாளைத் தந்தார். கூகுள் சீட்டும் திறந்தாயிற்று. சாம்பல்தீவுத் தம்பி அதைப் பார்த்துக்கொள்கிறார்.

புதிய தாளில் எண்கள் நான்கு நான்காகப் பிரிகின்றன. இம்முறை நிரல்களாக எழுதிப் பார்த்த பிறகே இங்கே வந்திருக்கிறோம். முதல் மூன்று இலக்கம் எங்கும் 400ஐத் தாண்டவில்லை; நான்காம் இலக்கம் நான்கைத் தாண்டவில்லை. 400 வெண்பாக்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அடி என்று கணக்குப் பார்த்தால் நாலடியாராக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். சொல்லை எடுப்பதற்குப் பதிலாக அடி முழுவதையும் எடுக்க வேண்டுமோ என்பது இன்னும் தெளிவாகவில்லை. எங்களிடம் இருக்கும் பிரதியில் நடுவில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. அச்சுப் பிரதி வைத்திருப்பவர் யாராவது 112ஆம் பாடலின் மூன்றாம் அடியையும் 287ஆம் பாடலின் முதலடியையும், பதிப்பின் விவரத்தோடு இங்கே தட்டச்சுச் செய்து தர முடியுமா?