லெப்பர்ட் பவர்புக்கில் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லை (சர்வர் டெபியன் 12)

ஜி4காரன்:
நண்பர்களே, என்னிடம் 12 அங்குல பவர்புக் ஜி4 (ஆப்பிளின் பழைய லேப்டாப்), அதில் மேக் ஓஎஸ் லெப்பர்ட் 10.5.8, வெளிக் கோப்புமுறைகளை மேக்கில் இணைக்க உதவும் மேக்ஃப்யூஸ். வீட்டு சர்வரில் கிடக்கும் பாட்டுகளையும் ஸ்கேன் செய்த பழைய இதழ்களையும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் (சர்வரின் ஃபோல்டரை நம் கணினியில் இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்) வழியாக மவுண்ட் செய்து பார்ப்பேன். சர்வரில் டெபியன் லினக்ஸ் 11 இருந்தவரை ஒரு குறையும் இல்லை. 12க்கு மாற்றியதிலிருந்து ‘ரிமோட் ஹோஸ்ட் ஹேஸ் டிஸ்கனெக்டட்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. புது லேப்டாப்பில் பிரச்சினை இல்லை. மேக்ஃப்யூஸைத் திரும்பப் போட்டும் பார்த்தாயிற்று.

முனையம்:
மேக்ஃப்யூஸை விடுங்கள். எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் கீழே எஸ்எஸ்ஹெச்சைத்தான் (பாதுகாப்பான தொலை இணைப்பு) ஓடவிடுகிறது. அது எதனால் நின்றது என்பது இந்த வரியில் தெரியாது. டெர்மினலில் வெறும் எஸ்எஸ்ஹெச்சை ‘-வி’ (விவரமாகச் சொல்) சேர்த்து ஓட்டி, கடைசி வரியைப் போடுங்கள்.

ஜி4காரன்:
‘நோ ஹோஸ்ட்கீ ஆல்க்’.

கறுப்புத்திரை:
சர்வரின் அடையாளச் சாவிக்கு இரு பக்கமும் ஏற்கும் முறை இல்லை என்று அர்த்தம். ஆர்எஸ்ஏ சாவி வகை காலாவதி. இடி25519 என்ற புது வகைச் சாவி உருவாக்குங்கள், வேலை முடிந்தது.

முனையம்:
முடியாதே! இடி25519 வந்தது 2014ல், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (இரு பக்கமும் ஓடும் எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) 6.5ல். லெப்பர்டில் இருப்பது 5ஆம் வரிசை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ. தவிர, ஆர்எஸ்ஏ சாவி இன்னும் செல்லும். அந்தச் சாவியால் ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறையில் போடும் கையெழுத்தைத்தான் 2021ல் வந்த 8.8 பதிப்பிலிருந்து இயல்பாக ஏற்பதில்லை. டெபியன் 11ல் இருந்தது 8.4, 12ல் இருப்பது 9.2. புது லேப்டாப்புக்கு அதற்கடுத்த ஷா-2 தெரியும், பவர்புக்குக்குத் தெரியாது.

சர்வரின் எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்க நிரல்) கான்ஃபிக் கோப்பில் ‘ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ்’ என்ற வரிக்கு எதிரே கூட்டல் குறியோடு ‘எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ’ சேர்த்தால் போதும். ஆனால் இதை ‘மேட்ச்’ பகுதிக்குள் போட்டு பவர்புக்குக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாது. அதனால் கான்ஃபிக்கை நகலெடுத்து, 2222 போர்ட்டில் இரண்டாவது எஸ்எஸ்ஹெச்டி ஒன்றை ஓடவிடுங்கள்; வீட்டு ஐபியில் மட்டும் கேட்கட்டும், பிட்ஃபைலும் (ஓடும் நிரலின் எண்ணைக் குறித்துவைக்கும் கோப்பு) தனியாக இருக்கட்டும். ஒரு பழைய மேக்குக்காக வழக்கமான 22ஆம் போர்ட்டைத் தளர்த்துவது எனக்குச் சம்மதமில்லை.

ஜி4காரன்:
உள்ளே போய்விட்டது! ஆனால் சாவியை ஏற்காமல் பாஸ்வேர்டு கேட்கிறது.

முனையம்:
முதலில் சேர்த்த வரி சர்வரின் சாவிக்கு. உங்கள் சாவிக்கு அதே ‘எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ’வை ‘பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ்’ வரியிலும் சேருங்கள். 8.5க்கு முந்தைய பதிப்புகளில் அந்த வரிக்கு வேறு பெயர், பழைய குறிப்புகளைப் பார்த்து அடிக்காதீர்கள்.

ஜி4காரன்:
மவுண்ட் ஆகிவிட்டது, மிக்க நன்றி. இன்னொன்று: ஃபோல்டர் முழுக்க புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள். அப்புறம், பெரிய கோப்பை நகலெடுத்தால் சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறது.

கறுப்புத்திரை:
குட்டிக் கோப்புகள் ஃபைண்டரின் வேலை. மவுண்ட் செய்யும்போது ‘நோஆப்பிள்டபிள்’ ஆப்ஷன் கொடுங்கள். ஏற்கெனவே விழுந்ததை சர்வரில் நீங்களே அழிக்க வேண்டும். வேகத்துக்கு வழியில்லை, ஒவ்வொரு பைட்டையும் அந்த ஜி4தான் பூட்டித் திறக்கிறது. பாட்டுக்கு அது தாராளம்.

முனையம்:
டெபியன் 13க்கு மாறும் எண்ணம் இருந்தால்: அதில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 10. பழைய டிஃபி-ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்தையும் (இணைப்பின் தொடக்கத்தில் இரு பக்கமும் ரகசியச் சாவியை முடிவு செய்யும் முறை) சர்வரில் இயல்பாக அணைத்துவிட்டார்கள். 2222 கான்ஃபிக்கில் ‘கெக்ஸ்அல்காரிதம்ஸ்’ வரி ஒன்றும் சேர்க்க வேண்டிவரும். குரூப்-எக்ஸ்சேஞ்ச்-ஷா256 போதும், லெப்பர்டுக்கு அது தெரியும்.