மேலத்தெரு குடும்பக் குழு: ஸ்டிக்கர் இல்லாமல் வந்த பாஸ்போர்ட்

வியாழன், 11 செப்டம்பர் 2025

அம்மா (காலை 10:12): கயலின் பாஸ்போர்ட் இப்போதுதான் கூரியரில் வந்தது. சாமி படத்துக்கு முன் வைக்கலாம் என்று உறையைப் பிரித்தால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிரிட்டன் மாணவர் விசா ஒட்டிய அடையாளமே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த வியாழக்கிழமை விமானம். யாராவது உடனே பதில் சொல்லுங்கள்.

பெரியம்மா (10:14): ஐயோ!

அத்தை (10:15): இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாகப் பார்.

அம்மா (10:16): ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டேன், அண்ணி.

பெரியப்பா (10:21): என் பேச்சை அன்றைக்கு யார் கேட்டீர்கள்? எங்கள் தெருப் பேராசிரியரின் மருமகள் பாஸ்போர்ட்டில் போன வாரம் ஸ்டிக்கர் ஒட்டி வந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அதே நாடு, அதே விசா அலுவலகம். அவர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை என்றால் நிராகரித்துவிட்டார்கள் என்றுதான் பொருள். ஸ்டிக்கர் இல்லாதவர்களை மீனம்பாக்கத்திலிருந்தே திருப்பி அனுப்புகிறார்கள் என்று எனக்கு வந்த செய்தியையும் கீழே அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா (10:21): [பலமுறை பகிரப்பட்ட செய்தி]

அப்பா (10:30): அண்ணா, விசா வழங்கப்பட்டதாக மெயில் வந்துவிட்டது. அலுவலகத்தில் இருக்கிறேன், மாலையில் பேசுகிறேன்.

பெரியப்பா (10:31): மெயிலைச் சாமி முன் வைக்க முடியுமா?

தாத்தா (10:40): பதற்றம் வேண்டாம். இங்கிலாந்தில் முரளி இருக்கும் லெஸ்டரில் இன்னும் விடியவில்லை. முரளி எழுந்ததும் விளக்கட்டும். அதுவரை யாரும் வந்த செய்தியை எல்லாம் இங்கே கொட்ட வேண்டாம்.

முரளி அத்தான் (11:48): பெரிய மாமா, அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். கடந்த ஜூலை 15 முதல், படிப்பதற்கோ வேலை பார்ப்பதற்கோ பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலானோரின் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். விசா என்பது இப்போது அவர்களுடைய உள்துறையின் கணினியில் கயலின் பெயரில் இருக்கும் ஒரு பதிவு. அதைத்தான் இ-விசா என்கிறார்கள். பேராசிரியரின் மருமகள் ஆய்வு மாணவரான கணவரைச் சார்ந்து செல்பவர். அப்படிச் சார்ந்து செல்பவர்களுக்கு இன்னும் ஸ்டிக்கர் தொடர்கிறது. அவருடைய கணவரின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் இருக்காது.

பெரியப்பா (11:50): போய்க் கேட்கத்தான் போகிறேன்.

அம்மா (11:52): விசாவுக்கு 524 பவுண்டு, மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, காசநோய்ப் பரிசோதனைக்குத் தனியாக. இவ்வளவும் கட்டியதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடவா ஒட்டித் தர மாட்டார்கள்?

முரளி அத்தான் (12:05): சின்ன அத்தை, நான் 2022-ல் வந்தபோது 90 நாளுக்கான ஸ்டிக்கர்தான் ஒட்டினார்கள். இங்கே இறங்கிய பிறகு, அஞ்சலகத்தில் வரிசையில் நின்று பிஆர்பி என்ற தங்கும் அனுமதி அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அட்டையிலும் ஒரு குழப்பம் இருந்தது. எனக்கு அதற்குப் பிறகும் தங்க அனுமதி இருந்தது, ஆனால் அட்டையில் 2024 டிசம்பர் 31 என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். என்னோடு இருந்த பலருக்கும் அதே தேதிதான். 2024 அக்டோபர் 31-லிருந்து புதிய அட்டை கொடுப்பதையே நிறுத்தினார்கள். டிசம்பர் முடியும்போது எத்தனையோ பேர் இ-விசாவுக்கான ஆன்லைன் கணக்கே தொடங்கியிருக்கவில்லை. எனவே காலாவதியான அட்டையையும் பயணத்தின்போது ஏற்கலாம் என்று முதலில் 2025 மார்ச் வரையும், பிறகு ஜூன் 1 வரையும் நீட்டித்தார்கள். பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது நானும் அந்தச் செத்த அட்டையோடுதான் வந்தேன். ஆகவே பழைய முறை ஏதோ பொற்காலம் என்று நினைக்க வேண்டாம்.

பெரியம்மா (12:07): வழியனுப்பு விருந்து ஞாயிற்றுக்கிழமைதானே? மட்டனா, கோழியா?

அத்தை (12:08): 17 புரட்டாசி பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றால் சாம்பார்தான்.

பெரியப்பா (12:10): ஞாயிறன்று எனக்கு வேறு வேலை இருக்கிறது. 17 மாலை வருகிறேன்.

அத்தை (12:10): அண்ணனுக்கு எப்போதும் மற்றவர்கள் வைத்த நாளில்தான் வேலை.

தாத்தா (12:15): சாப்பாட்டைப் பிறகு பேசலாம். முரளி, எனக்கு ஓர் ஐயம். பதிவு அவர்களிடம் இருக்கிறது, குழந்தையின் கையில் எதுவும் இல்லை. விமானத்தில் ஏறும்போது எதைக் காட்டுவாள்?

முரளி அத்தான் (12:24): தாத்தா, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். அதன் எண்ணோடுதான் விசாப் பதிவு இணைக்கப்பட்டிருக்கிறது. விமான நிறுவனத்தின் கணினி அந்த எண்ணை பிரிட்டனுக்கு அனுப்பி, ஏற்றலாமா கூடாதா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளும். பதில் வராவிட்டால், கயல் தன் கணக்கிலிருந்து ஷேர் கோடு என்ற 9 எழுத்துக் குறியீட்டை எடுத்துக் கொடுக்கலாம். அதையும் பிறந்த தேதியையும் போட்டால் அவளுடைய படத்தோடு அனுமதி விவரம் திரையில் வரும். அந்தக் கோடு 90 நாளைக்குச் செல்லும். நம் ஊர்ப் பட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகப் பதிவில் இருப்பதுதான் பட்டா, நாம் இணையத்திலிருந்து அச்செடுத்து வைத்திருப்பது அதன் நகல். இதுவும் அப்படித்தான்.

பெரியப்பா (12:26): பட்டாவைப் பற்றி என்னிடம் சொல்லாதே. பாகம் பிரித்தபோது மூலப் பத்திரம் உன் சின்ன மாமா பெட்டிக்குப் போனது, எனக்கு ஜெராக்ஸ். இப்போது அந்த மூலமும் கயலின் கடனுக்காக வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. கையில் காகிதம் இல்லாதவனின் நிலை என்ன என்று எனக்குத்தான் தெரியும்.

அப்பா (12:27): அண்ணா, அது இப்போது எதற்கு?

அத்தை (12:28): கணினிப் பட்டாவில் என் உட்பிரிவு எண்ணையே தவறாக ஏற்றி, அதைத் திருத்த நான் அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும்.

தாத்தா (12:41): பெரியவன் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 1973-க்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்து போய் பிரிட்டனில் குடியேறி, சட்டப்படி வாழும் உரிமையும் பெற்றிருந்தவர்களில் பலர், அதை நிரூபிக்கும் தாள் இல்லாத ஒரே காரணத்தால் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள் என்பது 2018-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அவர்கள் வந்திறங்கிய விவரம் இருந்த அட்டைகளை அந்த நாட்டு உள்துறையே 2010-ல் அழித்துவிட்டிருந்தது. பதிவு அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கும் என்று முரளி முழுக்க நம்ப வேண்டாம்.

முரளி அத்தான் (12:50): நானும் முழுக்க நம்பவில்லை, தாத்தா. அதனால்தான் கயல் இன்றே கணக்கைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, விசா முடியும் தேதி, பாஸ்போர்ட் எண் நான்கையும் பார்க்க வேண்டும். பட்டாவில் உட்பிரிவு எண் தவறியது போல இதிலும் நடக்கலாம். பிழை இருந்தால் கிளம்புவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும். நாளைக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் புது எண்ணைக் கணக்கில் ஏற்ற வேண்டும். கயல், கணக்கு எந்த மெயிலில், எந்த எண்ணில் இருக்கிறது? உள்ளே நுழையும்போதெல்லாம் அதற்குத்தான் குறியீடு வரும்.

கயல் (1:05): விசாவுக்கு விண்ணப்பித்துக் கொடுத்த கன்சல்டன்சியில் அவர்களுடைய மெயிலைத்தான் போட்டிருக்கிறார்கள், அத்தான். தொலைபேசி எண்ணும் அவர்களுடையதுதான்.

முரளி அத்தான் (1:06): என்னது?

அத்தை (1:07): அந்த கன்சல்டன்சி யார் சொன்ன இடம் என்று நான் கேட்கவில்லை.

பெரியம்மா (1:08): என் தம்பி நல்லதை நினைத்துத்தான் சொன்னான்.

முரளி அத்தான் (1:15): யார் சொன்ன இடமாக இருந்தாலும் சரி, இன்றே மாற்ற வேண்டும். நீ படிக்கப் போகும் ஷெஃபீல்டில் வாடகை வீடு எடுக்க வீட்டுக்காரர் ஷேர் கோடு கேட்பார். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்க முதலாளி கேட்பார். பல்கலைக்கழகமும் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் கன்சல்டன்சிக்காரரை எழுப்பிக் குறியீடு கேட்க முடியுமா? அவர் கடையை மூடிவிட்டால் என்ன செய்வாய்? அவர் பக்கத்தில் நின்று உன் சொந்த மெயிலை ஏற்று. இந்திய சிம் அங்கே போனபின் செயலிழந்துவிடலாம், எனவே மெயிலை முதன்மையாக வை. அதன் கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி உன் அம்மாவிடம் கொடு.

அம்மா (1:17): நோட்டு என்னிடம் இருக்கும். சாமி அலமாரியில்.

கயல் (மாலை 4:52): மாற்றிவிட்டோம். அப்பா வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் வேலையையே தொடங்கினார்கள். பெயரும் தேதிகளும் சரியாக இருக்கின்றன.

பெரியப்பா (5:03): அந்தக் கோடை இங்கே அனுப்பு. நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

முரளி அத்தான் (5:04): குழுவில் வேண்டாம், மாமா! இந்தக் குழுவில் யாருக்குத்தான் கயலின் பிறந்த தேதி தெரியாது? தனியாக அனுப்பு, கயல்.

பெரியப்பா (5:31): பார்த்தேன். படம் வந்தது, விசா முடியும் தேதியும் வந்தது. பேராசிரியர் வீட்டிலும் கேட்டுவிட்டேன், மகனுடைய பாஸ்போர்ட்டில் இல்லைதான். இருந்தாலும் அந்தப் பக்கத்தையும் விசா மெயிலையும் நான் அச்செடுத்து லேமினேட் செய்து கொண்டுவருகிறேன். பிள்ளை கைப்பையில் இருக்கட்டும்.

முரளி அத்தான் (5:33): அச்சுத்தாளையோ ஸ்கிரீன்ஷாட்டையோ அங்கே யாரும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள், மாமா.

பெரியப்பா (5:34): உனக்காகச் செய்யவில்லை.

தாத்தா (5:36): மெயிலின் அச்சு இருப்பதில் தவறில்லை. செய்யட்டும்.

அம்மா (5:40): அப்படியானால் சாமி முன் எதை வைப்பது? வெறும் பாஸ்போர்ட்டையா, லேமினேட் வரும்வரை காத்திருப்பதா?

அத்தை (5:41): அண்ணன் லேமினேட்டை ஞாயிறு கொண்டுவருகிறாரா, 17 கொண்டுவருகிறாரா?

பெரியப்பா (5:55): பார்க்கலாம்.

பெரியம்மா (5:56): நான் மட்டனுக்குச் சொல்லவா, வேண்டாமா?