அம்புக்குறி வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் வருகிறது, உதவுங்கள்

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஒரு தொடர்கட்டுரையின் பக்கங்களில் "அடுத்து", "முந்தையது" என்ற இணைப்புகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட வேண்டும். படமாகச் செருகிப் பார்த்தேன். பெரிதாக்கினால் மங்குகிறது, இணைப்பின் நிறத்தோடு சேர்ந்து மாறவும் இல்லை. எழுத்தாகவே வந்தால் நல்லது.

எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் யூனிகோட் அட்டவணையில் வலது அம்புக்கு 2192 என்று இருந்தது. அதைப் பார்த்து இப்படி எழுதினேன்:

அடுத்து &#2192;

கணினியில் ஒரு சின்ன வெற்றுக் கட்டம்தான் வருகிறது. இடதுபக்கத்துக்கு 2190 போட்டேன், அதிலும் அம்பு வரவில்லை. எழுத்துருவை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. நேற்று மாலை முழுக்க இதிலேயே போய்விட்டது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1

எழுத்துருவைத் தொட வேண்டாம், அதில் பிழை இல்லை. எண்ணைப் படிக்கும் முறையில்தான் சிக்கல்.

யூனிகோட் அட்டவணைகள் எண்களைப் பதினாறடிமானத்தில், அதாவது ஹெக்ஸில் தருகின்றன. பக்கத்தை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் &# போட்டு நேராக எண்ணை எழுதினால், பிரவுசர் அதை நாம் அன்றாடம் எண்ணும் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் 2192 வேறு எங்கோ போய் நிற்கிறது. அந்த இடத்தில் இருப்பது பவுண்டு நாணயத்துக்கான ஓர் அரபுக் குறி. 2021இல் வந்த யூனிகோட் 14இல்தான் அது சேர்ந்தது. பல எழுத்துருக்களில் அதற்கு வடிவமே கிடையாது. கட்டம் வருவது அதனால்தான்.

கையாலேயே மாற்றிவிடலாம்:

2 × 4096 = 8192
1 × 256 = 256
9 × 16 = 144
2 × 1 = 2

கூட்டினால் 8594. ஆகவே &#8594; என்று எழுதுங்கள், → வரும். இடது 8592, மேல் 8593, கீழ் 8595. ஹெக்ஸ் எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் # குறிக்கும் எண்ணுக்கும் நடுவே எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தைச் சேருங்கள், அதுவும் வேலை செய்யும்.

கடைசியில் வரும் அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் சில இடங்களில் அம்பு வந்துவிடும். ஆனால் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் எண் வந்தால், அதையும் சேர்த்துப் படித்து வேறு எழுத்தைக் காட்டிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அம்பு வந்துவிட்டது! கணக்கை எழுதிக் காட்டியதால்தான் புரிந்தது.

ஆனால் இன்னொன்று. நாற்பது பக்கங்களிலும் தனித்தனியாக எழுத வேண்டாம் என்று, இணைப்புக்குப் பின்னால் தானாக அம்பு சேரும்படி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் போட்டேன். அங்கே &#8594; என்று கொடுத்தால் அந்தக் குறியீடு அப்படியே எழுத்தாகத் தெரிகிறது. சரி என்று → குறியையே காப்பி செய்து ஒட்டினேன். என் கணினியில் நன்றாக இருந்தது. சர்வரில் ஏற்றியதும் மூன்று குப்பை எழுத்துகள்: தொப்பி போட்ட ஓர் ஆங்கில எழுத்து, சிலுவை மாதிரி ஒன்று, ஒரு மேற்கோள் குறி. பக்கத்தில் தமிழ் எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது.

பதில் 2

நீங்கள் முதலில் பிடித்த 2192க்கு இப்போதுதான் இடம் வந்திருக்கிறது. &# குறியீடுகள் ஹெச்டிஎம்எல்லுக்கு மட்டும் உரியவை, சிஎஸ்எஸ்ஸுக்கு அவை தெரியாது. சிஎஸ்எஸ்ஸில் பின்சாய்கோடு போட்டு ஹெக்ஸ் எண்ணை எழுத வேண்டும்:

"\2192"

இங்கே எக்ஸ் வேண்டாம், அரைப்புள்ளியும் மேற்கோளுக்குள் வராது.

மூன்று குப்பை எழுத்துகளுக்கும் காரணம் உண்டு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையில், → மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உங்கள் சர்வர் சிஎஸ்எஸ் கோப்பை வேறு குறியாக்கம் என்று சொல்லி அனுப்புவதாகத் தெரிகிறது, அதனால் பிரவுசர் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்தாக மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. ஹெச்டிஎம்எல் கோப்பு சரியாகப் போவதால்தான் தமிழ் தப்பித்தது. அந்த ஹெச்டிஎம்எல்லில் அம்பை நேராக ஒட்டினாலே போதும், எண்ணே தேவைப்படாது. சிஎஸ்எஸ்ஸுக்கு "\2192" பாதுகாப்பு. வெறும் பின்சாய்கோடும் இலக்கங்களும்தான், பெரும்பாலான குறியாக்கங்களில் கெடாது. இருந்தாலும் சர்வர் அமைப்பையும் திருத்திவிடுங்கள், நாளைக்கு வேறொரு குறியில் இதே தொல்லை வரும்.

"முந்தையது" இணைப்புக்கு அம்பு முன்னால் வரும் அல்லவா, அங்கே கவனம். "\2190 " என்று ஓர் இடைவெளி விட்டால் அது திரையில் வராது. எண் முடிந்தது என்பதற்கான அடையாளமாக அந்த இடைவெளியை சிஎஸ்எஸ் விழுங்கிவிடும். இரண்டு இடைவெளி விடுங்கள், ஒன்று மிஞ்சும்.

பதில் 3

வெளித்தளங்களுக்குப் போகும் இணைப்பில் சாய்ந்த அம்பு, அதாவது 8599, போடுவதாக இருந்தால் கைபேசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 8592 முதல் 8595 வரையிலான நான்கு அம்புகளுக்கு இமோஜி வடிவம் இல்லை. 8596 முதல் 8601 வரை உள்ளவற்றுக்கு உண்டு. சில கைபேசிகளில் அவை வண்ணக் கட்டத்துக்குள் வெள்ளை அம்பாக மாறிவிடும், நீங்கள் கொடுத்த நிறம் அதில் ஏறாது. பின்னால் &#65038; சேர்த்தால் எழுத்து வடிவிலேயே காட்டு என்று பொருள், பெரும்பாலும் அது போதும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லாமல் விடக்கூடாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் சில, அம்பையும் பெயர் சொல்லிப் படிக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதைக் கேட்பது அலுப்பு. ஹெச்டிஎம்எல்லில் அம்பைத் தனி ஸ்பானில் (span என்ற குறிச்சொல்லில்) வைத்து, திரைவாசிப்பானிடமிருந்து அதை மறைக்கும் ஏரியா-ஹிடன் (aria-hidden) கொடுத்துவிடுங்கள். "அடுத்து" என்ற சொல்லை எடுத்துவிட்டு அம்பை மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

கேட்டவர்

எல்லாம் சரியாகிவிட்டது. "முந்தையது" இணைப்பில் அம்பு சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றது, இரண்டாவது இடைவெளி விட்டதும் விலகியது. 8599 என் கைபேசியில் நீலக் கட்டமாகத்தான் இருந்தது, 65038 சேர்த்ததும் இணைப்பின் நிறத்துக்கே வந்துவிட்டது. திரைவாசிப்பானை ஓடவிட்டுக் கேட்டேன், ஸ்பானில் வைத்த இடங்களில் "அடுத்து" என்று மட்டும் படிக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் சேர்த்த அம்புகளை இன்னும் படிக்கிறது, இன்று இரவு அவற்றையும் ஸ்பானுக்கு மாற்றிவிடுகிறேன்.