மூணு வோல்டேஜுக்கு ஒரே இன்டக்டர் போதுமா?

பீளமேட்டான்:
மில்லுல பேரிங் அதிர்வு பார்க்கற கையடக்க மீட்டர் ஒண்ணு பண்றோம்ங்க. ஒரே லித்தியம் செல். ப்ளூடூத் கன்ட்ரோலருக்கு 1.8, சென்சாருக்கு 3.3, டிஸ்பிளேவுக்கு 5 வோல்ட். ஒவ்வொண்ணுக்கும் வோல்டேஜை மாத்தித் தர்ற காயில், அதான் இன்டக்டர், தனித்தனியா மூணு வெச்சா போர்டு பெட்டிக்குள்ள அடங்காது. ஒரே இன்டக்டர்ல மூணு அவுட்புட்டும் எடுத்துடலாம்ங்கறேன்.

ஈரோடு சால்டர்:
வேண்டாம் தம்பி. கீழ்பவானி வாய்க்கால்ல முறை வெச்சுத் தண்ணி விடற கதைதான் அது. ப்ளூடூத் அனுப்பறப்ப 1.8 லைன் திடீர்னு அதிகமா இழுக்கும், 3.3 லைன் ஆடிப்போகும். ஒரு லைன் லோடு மாறினா இன்னொரு லைன் ஆடற இந்தக் கிராஸ் ரெகுலேஷன்தான் இதுல பெரிய தலைவலி. இன்டக்டரே இல்லாம வோல்டேஜைக் குறைச்சுத் தர்ற எல்டிஓ ரெகுலேட்டர் போட்டா நிம்மதி.

பீளமேட்டான்:
எல்டிஓ கணக்கைப் பாருங்ணா. 3.7 வோல்ட்ல இருந்து 1.8 எடுத்தா திறன் 49 சதவீதம்கூட வராது, மிச்சம் பூரா சூடு. செல் 3.3க்குக் கீழ போனா சென்சார் லைனே நிக்காது. 5 வோல்ட்டை எல்டிஓ எப்படித் தரும்? கிராஸ் ரெகுலேஷன் பெரும்பாலும் இன்டக்டர் கரன்ட் நிக்காம ஓடறப்ப வர்றது. டிசிஎம்ல, அதாவது கரன்ட் விட்டுவிட்டு ஓடற விதத்துல, ஒவ்வொரு முறையும் கரன்ட் பூஜ்யத்துக்கு இறங்கிடும். அடுத்த அவுட்புட் புதுசா ஆரம்பிக்கும், முன்னாடி யாரு எவ்வளவு எடுத்தாங்கற பாதிப்பு அதுக்கு வராது.

ஈரோடு சால்டர்:
டிசிஎம் சும்மா வருமா? கிடைக்கற கொஞ்ச நேரத்துல முழுசும் தள்ளணும்னா பீக் கரன்ட் சராசரியைவிடப் பல மடங்கு ஏறும். அந்தக் கரன்ட்ல சேச்சுரேட் ஆகாத, அதாவது காந்தக் கோர் நிரம்பிப்போகாத இன்டக்டர் உருவத்துல பெருசு, மிச்சம் பிடிச்ச இடம் அங்கயே போச்சு. முறை வர்ற வரைக்கும் லோடைத் தாங்கறது கெபாசிட்டர் மட்டும்தான். சின்ன சைஸ் செராமிக் போட்டா மேல 5 வோல்ட் டிசி நிக்கறப்ப (பயாஸ்) பாதி கெபாசிட்டன்ஸ்கூட நிக்காது.

கணபதி லேஅவுட்:
ஏனுங்க, லோடு எவ்வளவுன்னு ரெண்டு பேருமே சொல்லலையே? சில பத்து மில்லியாம்ப்தான்னா பீக் கரன்ட் பயம் தேவையில்லை. மேக்சிம் கம்பெனியோட மேக்ஸ்77650 சிப் ஒரே இன்டக்டர்ல மூணு பக்-பூஸ்ட் (வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் செய்யற) அவுட்புட்டோட ஒரு எல்டிஓவையும் சேர்த்துத்தான் தருது. அதே வழியில போங்க. சென்சார் லைனை 3.6ல எடுத்து எல்டிஓ வழியா 3.3 ஆக்குங்க. அந்தப் படியில திறன் 92 சதவீதம்கிட்ட நிக்கும்.

பீளமேட்டான்:
லோடு அவ்வளவுதானுங்க. இது நல்ல யோசனை.

ஈரோடு சால்டர்:
ஸ்விட்சிங்ல வர்ற மெகாஹெர்ட்ஸ் ரிப்பிளை, அதாவது வோல்டேஜ் அலையை, எல்டிஓ பெருசா அடக்காது, ஃபில்டர் வெக்கோணும். அதைவிட முக்கியம், லோடு குறையறப்ப ஸ்விட்சிங் தாவித் தாவி வரும். அந்தத் தாவல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள்ள விழுந்தா பேரிங் அதிர்வு எது, சப்ளை எதுன்னு மீட்டருக்குத் தெரியாது. டிஸ்பிளேவை அணைச்சு, ப்ளூடூத்தை ஓடவிட்டு, எல்டிஓவுக்கு அந்தப்பக்கம் 3.3 லைனை ஆசிலோஸ்கோப்ல பாருங்க. அந்தப் படத்தை இங்க போடற வரைக்கும் நான் ஒத்துக்கமாட்டேன்.